கை ஆடினால்தான் காலடியா? மணிக்கட்டு பேண்டின் ஸ்டெப் கணக்கு: ஒரு நிகழ்வு ஆய்வு

அப்பாவுக்கு முட்டி அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள். எக்ஸ்ரே, பிசியோதெரபி, பில் கவுன்டர் என்று காலையிலிருந்து அவரை வீல்சேரில் வைத்து அந்த ஆஸ்பத்திரியின் நீளமான தாழ்வாரத்தில் தள்ளிக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் கேன்டீனில் டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்து, கையில் கட்டியிருந்த ஃபிட்னஸ் பேண்டைத் தட்டிப் பார்த்தால், வீட்டில் சும்மா படுத்துக் கிடக்கும் ஞாயிற்றுக்கிழமையைவிடக் குறைவான ஸ்டெப்ஸ். கால் இரண்டும் கெஞ்சிக்கொண்டிருக்க, நீ நடக்கவே இல்லை என்கிறது கையில் இருப்பது.

மறுநாள் அதைக் கழற்றிக் கணுக்காலில், சாக்ஸுக்கு மேலே கட்டிக்கொண்டேன். கடைசி ஓட்டையில்தான் மாட்டியது. அதே தாழ்வாரம், அதே வீல்சேர். இந்த முறை எண் மளமளவென்று ஏறியது. எதிரே வந்த நர்ஸம்மா பார்த்துவிட்டு, "என்ன சார், ஒத்தைக் கால்ல கொலுசு?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

பேண்டில் பழுது எதுவும் இல்லை. செய்யச் சொன்ன வேலையைத்தான் அது செய்தது. என்ன வேலை செய்யச் சொல்லியிருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாததுதான் சிக்கல். அதைப் புரிந்துகொள்ளப் பத்து வருடங்களுக்கு முன் நடந்த ஒரு சின்னப் பரிசோதனையை எடுத்துக்கொள்கிறேன். சாதனங்கள் இன்று பழசாகிவிட்டன. ஆனால் அதில் வெளிப்பட்ட சங்கதி பழசாகவில்லை.

பென்சில்வேனியாவில் நடந்தது

2015 பிப்ரவரியில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஜாமா இதழில் ஓர் ஆய்வுக் கடிதம் வெளியானது. எழுதியவர்கள் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழுவினர். கேள்வி எளிமையானது: ஜனங்கள் காசு கொடுத்து வாங்கி மாட்டிக்கொள்ளும் இந்தக் கருவிகள் காலடியைச் சரியாக எண்ணுகின்றனவா?

ஆரோக்கியமான 14 பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். சராசரி வயது 28. அவர்களை டிரெட்மில்லில் ஏற்றி, மணிக்கு 3 மைல், அதாவது சுமார் 4.8 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கவிட்டார்கள். முதலில் 500 ஸ்டெப், அப்புறம் 1,500 ஸ்டெப், ஒவ்வொன்றும் இரண்டு தடவை. ஒருவர் பக்கத்திலேயே நின்று கண்ணால் பார்த்து எண்ணினார். அவர் எண்ணியதுதான் உரைகல். மற்ற எல்லாக் கணக்கையும் அதில் உரசிப் பார்த்தார்கள்.

நடந்தவர்களின் கோலத்தைக் கற்பனை செய்து பார்த்தால் சிரிப்பு வரும். இடுப்பில் மூன்று கருவிகள்: டிஜி-வாக்கர் என்ற பழைய பாணி பெடோமீட்டர், அதோடு ஃபிட்பிட் ஒன், ஃபிட்பிட் ஜிப். கையில் மூன்று: நைக்கி ஃப்யூயல்பேண்ட், ஜாபோன் அப்24, ஃபிட்பிட் ஃப்ளெக்ஸ். பேன்ட் பாக்கெட்டில் போன்கள், அவற்றில் ஓடிக்கொண்டிருந்த நான்கு செயலிகள். ஆக ஒரே மனிதரின் ஒரே நடையைப் பத்து கணக்குப்பிள்ளைகள் ஒரே நேரத்தில் எழுதினார்கள். 56 நடைகளிலிருந்து 552 கணக்குகள் கிடைத்தன.

விடை இப்படி வந்தது. இடுப்பில் இருந்த கருவிகளின் சராசரி, கண்ணால் எண்ணியதிலிருந்து மைனஸ் 0.3 சதவீதம் முதல் பிளஸ் 1.0 சதவீதம் வரைதான் விலகியது. பாக்கெட்டில் இருந்த போன் செயலிகள் மைனஸ் 6.7 முதல் பிளஸ் 6.2 வரை. மணிக்கட்டில் இருந்தவை மைனஸ் 1.5 முதல் மைனஸ் 22.7 வரை.

அந்தக் கடைசி எண்ணைக் காலடியாக மாற்றிப் பார்க்கலாம். நீங்கள் 1,500 ஸ்டெப் நடந்து இறங்குகிறீர்கள். கையில் இருப்பது சுமார் 1,160 என்கிறது. பத்தாயிரம் நடந்தால் 7,730. மிச்சம் எங்கே போனது என்று கேட்க ஆளில்லை. அதே கையில் கட்டும் இன்னொரு பேண்ட் 1,500-க்கு 1,478 சொல்லும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கட்டிய இடம் ஒன்றாக இருந்தும் இரண்டு பேண்டுகளுக்கு நடுவே இவ்வளவு தூரம்.

நான் இந்த அட்டவணையில் அதிக நேரம் நின்றது அந்த 22.7-இல் இல்லை, மைனஸ் குறியில். மணிக்கட்டுக் கருவி மூன்றும் குறைத்துத்தான் சொல்லின. ஒன்றுகூடக் கூட்டிச் சொல்லவில்லை. போன்கள் இரண்டு பக்கமும் சாய்ந்தன. கை மட்டும் ஒரே பக்கமாகச் சாய்ந்ததைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. கையின் அமைப்பிலேயே அதற்கான காரணம் இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. மேலே சொன்னவை எல்லாம் சராசரிகள். ஒருவருக்கு நூறு கூட்டியும் இன்னொருவருக்கு நூறு குறைத்தும் சொன்ன கருவி, சராசரியில் உத்தமனாகத் தெரியும். மளிகைக் கடைக்காரர் ஒருவருக்கு ஐம்பது கிராம் கூடவும் அடுத்தவருக்கு ஐம்பது கிராம் குறைவாகவும் நிறுத்தால் கடையின் மொத்தக் கணக்கு சரியாகத்தான் இருக்கும். குறைந்து வாங்கியவருக்கு அதனால் என்ன ஆறுதல்? "எங்கள் பேண்ட் 98 சதவீதம் துல்லியம்" என்று விளம்பரத்தில் பார்த்தால், சராசரியில் துல்லியமா, ஆளுக்கு ஆள் துல்லியமா என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் பெட்டியில் அது எழுதியிருக்காது.

இன்னொன்று. நடந்தவர்கள் இளவட்டங்கள், பருமன் இல்லாதவர்கள், மெஷின் ஓட்டிய சீரான வேகத்தில் நடந்தவர்கள். கையில் பை இல்லை, குழந்தை இல்லை, போன் பேச்சு இல்லை. மணிக்கட்டுக் கருவிக்கு இதைவிடச் சுலபமான பரீட்சை வைக்க முடியாது. அந்தச் சுலபமான பரீட்சையிலேயே ஒரு கருவி ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கோட்டைவிட்டது.

சில்லு பார்ப்பது எதை?

பேண்டுக்குள் காலைப் பார்க்கும் கண் எதுவும் கிடையாது. முடுக்கமானி என்ற ஒரு சில்லு இருக்கிறது, அரிசி மணிக்குள் அடங்கிவிடும் அளவில். அதற்குள் சிலிக்கனில் செதுக்கிய ஒரு நுண்ணிய எடை, அதே சிலிக்கனாலான வில்லில் தொங்குகிறது. கை அசைந்தால் அந்த எடை கொஞ்சம் பின்தங்கும். பின்தங்கும் தூரம் மின்சார மாற்றமாகப் பதிவாகும். பஸ் சட்டென்று கிளம்பும்போது நின்றிருப்பவர் பின்னால் சாய்வதுபோலத்தான். இதை மேல்-கீழ், முன்-பின், இடம்-வலம் என மூன்று திசையிலும் நொடிக்குப் பல பத்து தடவை எழுதிக்கொண்டே இருக்கிறது. மேஜையில் சும்மா வைத்திருந்தாலும் பூமியின் ஈர்ப்பு முடுக்கமான 9.8 (நொடிக்கு நொடி மீட்டர் கணக்கில்) அதில் தெரியும்.

இந்த எண்களின் வெள்ளத்திலிருந்து மென்பொருள் காலடியைப் பொறுக்கியெடுக்க வேண்டும். கையை மெதுவாகத் திருப்பும் அசைவை முதலில் வடிகட்டும். பைக்கின் கடகட அதிர்வு மாதிரி அதிவேகமானதையும் தள்ளும். மனிதர் நடக்கும் தாளம், நொடிக்கு ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டரை வரை, மட்டும் மிஞ்சும். அதில் உள்ள முகடுகளை எண்ணும். எண்ணியவுடன் கூட்டிவிடாது, சீராகத் தொடர்கிறதா என்று பார்க்கும். பல கருவிகள் தொடர்ந்து பத்து ஸ்டெப் போல வந்த பிறகுதான் "சரி, இவர் நடக்கிறார்" என்று முடிவுசெய்து கணக்கில் ஏற்றுகின்றன.

அந்தப் பத்து ஸ்டெப் விதியால் முதலில் அடிபடுவது சமையலறை. அடுப்புக்கும் சிங்குக்கும் நாலு எட்டு, சிங்கிலிருந்து ஃபிரிட்ஜுக்கு மூன்று எட்டு, திரும்ப அடுப்புக்கு ஐந்து. மூன்று வேளைச் சமையலில் இப்படி எத்தனை! ஒன்றும் பத்தைத் தொடாததால் பெரும்பகுதி கணக்கிலேயே வராது. "நான் நாள் பூரா நின்னு நடந்து வேலை செய்யறேன், நீங்க அரை மணி நேரம் பார்க்ல சுத்திட்டு வந்து பெருமை அடிச்சுக்கறீங்க" என்று என் மனைவி சொன்னபோது என்னிடம் பதில் இல்லை. ஆனால் அவளே ஒரு நாள் வடைக்கு உளுந்து மாவைக் கிண்ணத்தில் போட்டுக் கையால் அடித்துக்கொண்டிருந்தாள். நின்ற இடத்திலிருந்து நகரவில்லை. தாளம் பிசகாத அந்த அடி முடிந்ததும் பேண்டில் எண் கூடியிருந்தது. நடந்ததை விட்டுவிட்டு, மாவு அடித்ததைச் சேர்த்துக்கொண்டது. நாள் முடிவில் மொத்தம் ஓரளவு நியாயமாகத் தெரிந்தாலும், இரண்டு தப்பு ஒன்றையொன்று ஈடுகட்டியதால் வந்த நியாயம் அது.

இப்போது அந்த மைனஸ் குறி. நடக்கும்போது இடுப்பு ஒவ்வொரு காலடிக்கும் ஒருமுறை ஏறி இறங்கும். காலடிக்கு ஒரு குலுக்கல், சந்தேகத்துக்கு இடமில்லை. கை அப்படி இல்லை. ஒரு கை முன்னே போய்ப் பின்னே வந்து சேர்வதற்குள் இரண்டு காலடி முடிந்துவிடும். குதிகால் தரையில் பதியும் அதிர்ச்சியும் உடம்பு வழியாக ஏறித் தோள் தாண்டி மணிக்கட்டுக்கு வருவதற்குள் மெலிந்துவிடும். ஆக மணிக்கட்டில் இரண்டு தாளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடுகின்றன: காலின் மெல்லிய தாளம், அதில் பாதி வேகத்தில் கையின் பெரிய ஊசல். இந்த முகடு ஒரு காலடியா, இரண்டா என்று மென்பொருள் ஊகிக்க வேண்டியிருக்கிறது. மெதுவாக நடந்தால், மணிக்கு 3 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கினால், இரண்டுமே மங்கிப்போய் இரைச்சலோடு கலந்துவிடும். டிராலியையோ வீல்சேரையோ பிடித்தால் ஊசல் அடியோடு நின்றுவிடும். டிரெட்மில்லின் கைப்பிடியைப் பிடித்து நடப்பவர்களுக்கும் இதே கதி. ஜிம்மில் அப்படி நடந்துவிட்டு பேண்டைத் திட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பல செயலிகளில் எந்தக் கையில் கட்டியிருக்கிறீர்கள், அது உங்கள் பழக்கக் கையா என்று ஓர் அமைப்பு இருக்கும். பழக்கக் கை என்று சொன்னால் மென்பொருள் கொஞ்சம் கறாராகிவிடும், ஏனென்றால் எழுதுவது, சாப்பிடுவது, பல் தேய்ப்பது எல்லாம் அந்தக் கைதான். இடது கையில் கட்டிக்கொண்டு அமைப்பில் வலது என்று விட்டுவைத்தவர்கள் நிறைய. நானும் எட்டு மாதம் அப்படித்தான் வைத்திருந்தேன்.

இலக்கு எங்கே பிறந்தது

பேண்ட் குறைத்துச் சொன்னால் என்ன, தினமும் ஒரே மாதிரி குறைத்தால் போதாதா என்று கேட்கலாம். நேற்றைய என்னோடு இன்றைய என்னை ஒப்பிட அது போதும். ஆனால் நாம் அப்படி மட்டுமா பயன்படுத்துகிறோம்? ஓர் இலக்கு வைத்திருக்கிறோம். அந்த இலக்கின் பிறப்பிடத்தைப் பார்க்க வேண்டும்.

பத்தாயிரம் என்ற எண் 1965-இல் ஜப்பானில் யமாசா கடிகார நிறுவனம் விற்ற ஒரு பெடோமீட்டரின் பெயரிலிருந்து பரவியது. மான்போ-கெய், அதாவது பத்தாயிரம் காலடி மானி. முந்தைய ஆண்டுதான் டோக்கியோவில் ஒலிம்பிக்ஸ் முடிந்திருந்தது. உடற்பயிற்சி மோகம் சூடாக இருந்த நேரம். அது இடுப்பில் மாட்டும் கருவி.

சரி, அது வியாபாரப் பெயர், மருத்துவ ஆய்வு என்ன சொல்கிறது என்று பார்த்தால், 2019-இல் ஹார்வர்டின் ஐ-மின் லீயும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வை அடிக்கடி சொல்வார்கள். சராசரி வயது 72 உள்ள 16,741 பெண்கள். நாளுக்குச் சுமார் 2,700 ஸ்டெப் நடந்தவர்களோடு ஒப்பிட்டால், சுமார் 4,400 நடந்தவர்களின் இறப்பு வீதம் 41 சதவீதம் குறைவு. மேலும் நடக்க நடக்க இன்னும் குறைந்து, ஏறக்குறைய 7,500-இல் அந்தப் பலன் சமநிலைக்கு வந்துவிடுகிறது. பத்தாயிரம் தேவையில்லை என்று தலைப்புச் செய்திகள் வந்தது இதை வைத்துத்தான். அந்தப் பெண்கள் கருவியைக் கட்டியிருந்ததும் இடுப்பில்தான்.

பத்தாயிரமும் சரி, 7,500-உம் சரி, இடுப்பில் எண்ணிய கணக்குகள். நாம் அவற்றை மணிக்கட்டில் துரத்துகிறோம். படியால் அளந்து சொன்ன அளவை டம்ளரால் அளந்து சரிபார்க்கிற கதை. லீ ஆய்வின் வயதில் உள்ள ஒரு பாட்டி மெதுவாக நடப்பவர், பாதி நேரம் கையில் கூடையோ பேரனோ. மணிக்கட்டுக் கருவி அதிகம் தவறவிடுவது அவரைத்தான். அவர் உண்மையில் 4,400 நடந்திருக்கலாம். பேண்ட் மூவாயிரத்துச் சொச்சம் சொல்லி அவர் மனசை ஒடித்திருக்கலாம்.

கருவி எவ்வளவு தவறலாம் என்பதற்கு ஜப்பானியர்கள் ஒரு வரம்பு வைத்திருந்தார்கள். அந்த நாட்டுத் தொழில்தரப்படி பெடோமீட்டர் நூறு ஸ்டெப்புக்கு மூன்றுக்கு மேல் தவறக் கூடாது. பென்சில்வேனியாவில் இடுப்புக் கருவிகள் மூன்றும், சராசரியைப் பொறுத்தவரை, அந்த வரம்புக்குள் நின்றன.

எண்ணுக்குக் காசு வந்தால்

சொந்த ஆசைக்கு எண்ணுவது ஒரு விஷயம். இப்போது எண்ணுக்குப் பின்னால் காசு வந்துவிட்டது. இந்தியாவில் சில மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் ஸ்டெப் கணக்கைப் பார்த்துப் பிரீமியத்தில் சலுகை தருகின்றன. சிங்கப்பூரில் சுகாதார மேம்பாட்டு வாரியம் 2015-இல் நேஷனல் ஸ்டெப்ஸ் சேலஞ்ச் தொடங்கி, மணிக்கட்டுக் கருவியை இலவசமாகவே கொடுத்து, நடந்ததற்கு வவுச்சர் தந்தது. சீனாவில் போனைத் தொட்டில் மாதிரி ஆட்டி ஸ்டெப் ஏற்றும் குட்டி மெஷினே இணையக் கடைகளில் விற்றது. படுத்துக்கொண்டே மாரத்தான்! கை ஆட்டத்துக்குக் காசு என்றால் கையை ஆட்டிவிட ஏதாவது வந்தே தீரும்.

ஏமாற்றுபவர்கள் கிடக்கட்டும். ஏமாற்றாமல் நடந்து, தள்ளுவண்டியைப் பிடித்தபடி நடந்த காரணத்தால் கணக்கில் வராமல் போனவர் இதில் இழக்கிறார். தள்ளுவண்டியில் காய்கறி விற்பவர், வார்டு வார்டாக ஸ்ட்ரெச்சர் தள்ளும் ஊழியர், ஏர்போர்ட்டில் டிராலிகளை வரிசையாகச் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போகும் பையன். நாளெல்லாம் நடப்பவர்கள் இவர்கள். பேண்ட் கட்டினால் சோம்பேறிப் பட்டியலில் வருவார்கள். அலுவலகத்தில் நடைப்போட்டி வைக்கும் மனிதவளத்துறை நண்பர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

2015-க்குப் பிறகு மென்பொருள் நிறையத் தேறியிருக்கிறது. சாதாரணமாகக் கைவீசி நடந்தால் இன்றைய பேண்டுகள் பல நன்றாகவே எண்ணுகின்றன. கை அசையாத நடை மட்டும் அன்று எங்கே இருந்ததோ அங்கேயேதான் இருக்கிறது. சில்லுக்கு வராத சேதியை எந்த மென்பொருளாலும் படிக்க முடியாது.

வீட்டில் சோதிக்க

உங்கள் பேண்டைச் சோதிக்க ஆய்வகம் வேண்டாம். சட்டைப்பையில் பத்து புளியங்கொட்டை போட்டுக்கொள்ளுங்கள். பேண்டில் இப்போதைய எண்ணைக் குறித்துவிட்டு நடக்கத் தொடங்கி, நூறு எண்ணியதும் ஒரு கொட்டையை மறுபைக்கு மாற்றுங்கள். கோயிலில் நூற்றெட்டு சுற்றுபவர்கள் செய்வதுதான். பத்தும் மாறினால் ஆயிரம். நின்று அரை நிமிடம் பொறுங்கள், சில பேண்டுகள் எண்ணைத் தாமதமாக ஏற்றும். அப்புறம் பாருங்கள். இதையே ஒரு கையில் தண்ணீர்க் குடத்தோடும், மெதுவான நடையிலும், தள்ளுவண்டியோடும் செய்தால் உங்கள் பேண்ட் எங்கே பொய் சொல்கிறது என்று தெரிந்துவிடும். தள்ளும் வேலை இருக்கிற நாளில் கணுக்காலில் கட்டுங்கள், அல்லது போனை பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.

கொட்டை மாற்றி எண்ணுவதைக் கேவலமாக நினைக்க வேண்டாம். 1865-66-இல் பிரிட்டிஷ் இந்திய நில அளவைத் துறைக்காகத் திபெத்தின் லாசா வரை மறைவாக நடந்து அளவை செய்த நைன் சிங் ராவத், காலடியை எண்ணியது ஜபமாலையில். வழக்கமான 108 மணிகளுக்குப் பதில் 100 மணி கோத்தது. நூறு காலடிக்கு ஒரு மணி தள்ளுவார். பார்ப்பவர்களுக்கு அவர் யாத்ரீகர். திபெத்தின் வரைபடத்தில் அந்த எண்ணிக்கையும் சேர்ந்தது.

அப்பா இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஹாலில் நடக்கிறார். தினம் இருபது சுற்று என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருக்கிறார். முதல் நாள் என் பேண்டைக் கட்டிவிட்டேன். வாக்கரில் இரண்டு கையும் பதிந்திருக்க, ஆமை வேகத்தில் இருபது சுற்று முடித்துவிட்டு ஆவலோடு நீட்டினார். எண் நகரவில்லை. "உன் வாட்ச் நான் படுத்திருக்கேங்குதுடா" என்று கழற்றிக் கொடுத்துவிட்டார். மறுநாளிலிருந்து ஜன்னல் திண்டில் இருபது புளியங்கொட்டை. ஒரு சுற்றுக்கு ஒன்று இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும். போன வாரம் அம்மா திண்டைத் துடைக்கும்போது நகர்த்தி வைத்த கொட்டையில் இரண்டு எங்கோ விழுந்துவிட்டது. அப்பா கடைசியில் எண்ணிப் பார்த்து, பதினெட்டுதான் இருக்கிறது என்று முனகிக்கொண்டே இன்னும் இரண்டு சுற்று போய் வந்தார்.